வெளிச்சம் எங்கிருந்து வருகிறது?

புதுக் கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வருகிற பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "ஐயா, கடையில மாட்டியிருந்த படம் அவ்வளவு பளிச்சுன்னு இருந்துச்சு. நான் எடுத்தா முகம் கருத்துப்போகுது, இல்லேன்னா ஆடிப்போகுது. என்ன செட்டிங் வைக்கணும்?" பிலிம் காலத்திலிருந்து மதுரையில் ஸ்டுடியோ வேலை பார்த்தவன் நான். அந்த உரிமையில் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

1975இல் கோடக் நிறுவனத்தில் ஸ்டீவ் சாசன் என்ற பொறியாளர் முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தார். நூறுக்கு நூறு, மொத்தம் 10,000 புள்ளிகள் கொண்ட ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தைக் கேசட் நாடாவில் பதிய அதற்கு 23 விநாடி ஆனது. உங்கள் கையில் இருப்பது 2 கோடியே 40 லட்சம் புள்ளிகளை ஒரே விநாடியில் பலமுறை பதிகிறது. அவ்வளவு வேகம் வந்த பிறகும் அதற்கு ஒரு விஷயம் தெரியாது. எதிரே நிற்பது உங்கள் பாட்டியா, பக்கத்து வீட்டுச் சுவரா, அதில் எது உங்களுக்கு முக்கியம் என்று அதற்குச் சொல்ல ஆள் வேண்டும். எங்கே அதன் கணக்கை நம்பலாம், எங்கே திருத்த வேண்டும் என்று தெரிந்துகொண்டால் பாதித் தொழில் கைக்கு வந்த மாதிரி.

1. பட்டனைத் தொடுமுன், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள்.

நீங்கள் எடுக்கப்போகும் ஆளை நிறுத்தி, அவர் மூக்கின் நிழல் எங்கே விழுகிறது என்று கவனியுங்கள். கன்னத்தில் கோடு போட்டாற்போல் விழுந்தால் அது கடினமான வெளிச்சம். நிழலின் ஓரம் கரைந்து, எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் இருந்தால் மென்மையான வெளிச்சம். முகங்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் வேண்டும்.

வெளிச்சம் வரும் பரப்பு பெரிதாக இருந்தால் நிழல் மென்மையாகும், சிறிதாக இருந்தால் கூர்மையாகும். சூரியன் எவ்வளவு பெரிதானாலும் வானத்தில் நமக்குத் தெரிவது அரை டிகிரி அகலம்தான். அதனால்தான் வெயிலில் நிழல் வெட்டுகிறது. மேகம் மூடிவிட்டால் வானம் முழுக்க விளக்காகிவிடும், நிழல் கரைந்துவிடும். மழைமேகம் கூடுகிற நாளில் "இன்னிக்கு வெளிச்சம் இல்ல" என்று கேமராவைப் பைக்குள் வைத்துவிடாதீர்கள். ஆளை எடுக்க அதைவிட நல்ல நாள் அமையாது.

வீட்டுக்குள் எடுக்க ஓர் இடம் சொல்கிறேன். நிலைவாசலுக்கு உள்ளே ஓரடி தள்ளி, தெருவைப் பார்த்து ஆளை நிற்கவோ உட்காரவோ வையுங்கள். நேர் வெயில் மேலே படக்கூடாது. நீங்கள் வெளியே நின்று எடுங்கள். ஆள் உயரத்துக்குத் திறந்திருக்கும் அந்த வாசல் முழுதும் வெளிச்சம் தருகிறது. வீட்டின் உட்புறம் இருட்டாகிவிடுவதால் பின்னால் தொங்கும் சட்டைகளும் காலண்டரும் மறைந்துவிடும். உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பச் சொன்னால் ஒரு கன்னத்தில் வெளிச்சமும் மறு கன்னத்தில் லேசான நிழலும் வரும். எதிர்வீட்டு வெள்ளைச் சுவரில் வெயில் பட்டுத் திரும்பி வந்தால் இன்னும் சிறப்பு. ஸ்டுடியோவில் குடை லைட்டை ஏற்றி இறக்கி நாங்கள் கொண்டுவரப் பார்த்தது இந்த வெளிச்சத்தைத்தான்.

2. நம் ஊர் வெயிலுக்கு நம் ஊர்க் கணக்கு வேண்டும்.

போட்டோகிராபி புத்தகங்களில் பெரும்பாலானவை குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. காலையும் மாலையும் பொன் வெளிச்சம் நெடுநேரம் நிற்கும் என்று அவற்றில் படிப்பீர்கள். அங்கே சூரியன் அடிவானத்தை ஒட்டிச் சாய்வாக ஏறுகிறது, அதனால் நிற்கும். நமக்கு ஏறக்குறைய நேர் செங்குத்தாக ஏறுகிறது. உதித்த ஒரு மணி நேரத்தில் 13, 14 டிகிரி உயரத்துக்குப் போய்விடும். ஆறரைக்கு உதித்தால் ஏழே காலுக்கு மேல் வெளிச்சம் வெளுக்கத் தொடங்கிவிடும். எனவே, விடிந்த பிறகு கிளம்புவதில் பயனில்லை. விடியும்போது நீங்கள் இடத்தில் இருக்க வேண்டும். அழகர் வைகையில் இறங்குவதை எடுக்கப் போகிறவர்கள் முந்தின இரவே கரையில் இடம் பிடிப்பது கூட்டத்துக்காக மட்டும் என்று நினைக்காதீர்கள். அந்த அதிகாலை வெளிச்சமும் கொஞ்ச நேரம்தான் நிற்கும்.

மதுரையில் ஏப்ரல் நடுவிலும் சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஆகஸ்டில் மறுபடி வரும். அப்போது நம் நிழல் காலடியிலேயே கிடக்கும். முகத்தில் புருவத்தின் நிழல் கண்ணை மூடிவிடும், மூக்கின் நிழல் உதட்டில் விழும். எவ்வளவு விலையுள்ள கேமராவும் அந்தக் கண்களைத் திறந்து காட்டாது. ஆளை வேப்பமரத்து நிழலுக்கோ தாழ்வாரத்துக்கோ கூப்பிடுங்கள். நகர முடியாவிட்டால் ஒரு தெர்மாகோல் அட்டையை அவர் மார்புக்குக் கீழே சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கண்ணுக்குள் போகும். மர நிழலில் நிறுத்தும்போது இலைகளுக்கு இடையே வரும் வெயில் திட்டுகள் முகத்தில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சூரியன் மறைந்தவுடன் கேமராவை மூடிவிடுவோர் ஒரு நல்ல நேரத்தை இழக்கிறார்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் வானம் ஆழ்ந்த நீலத்தில் இருக்கும், கோபுர விளக்குகளும் கடை விளக்குகளும் எரியத் தொடங்கியிருக்கும். இரண்டு வெளிச்சமும் சமமாக நிற்பது கால் மணி நேரம்தான். கேமராவை ஒரு திண்ணை மேலோ சுவர் மேலோ வைத்து, டைமரில் எடுங்கள். முழு இருட்டில் எடுத்த கோபுரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை நீங்களே பார்ப்பீர்கள்.

3. கூட்டல் கழித்தல் போட்ட பட்டனைத் தேடிக் கண்டுபிடியுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள்.

கேமரா எப்படிக் கணக்குப் போடுகிறது என்று ஒரு சோதனை செய்து பாருங்கள். ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னலோரம் விரித்து, அது மட்டுமே படத்தில் நிறையும்படி ஆட்டோவில் எடுங்கள். பிறகு அதே இடத்தில் ஒரு கறுப்புக் குடைத்துணியை வைத்து எடுங்கள். இரண்டும் சாம்பல் நிறமாக வரும். எதிரே இருப்பதையெல்லாம் கலந்தால் நடுத்தரச் சாம்பல் கிடைக்கும் என்று வைத்துக்கொண்டுதான் அது வெளிச்சத்தை அளக்கிறது. வேட்டி அதற்கு அதிகப்படி வெளிச்சமாகத் தெரிகிறது, குறைத்துவிடுகிறது. குடைத்துணி இருட்டாகத் தெரிகிறது, கூட்டிவிடுகிறது.

திருமலை நாயக்கர் மகாலின் வெள்ளைத் தூண்களுக்கு நடுவில் ஒருவரை நிறுத்தி எடுத்தால் தூண் அழுக்காகவும் முகம் கருத்தும் வருவது இதனால்தான். அங்கே கூட்டல் 1 வையுங்கள். கருங்கல் மண்டபத்து இருட்டைப் பின்னால் வைத்து எடுக்கும்போது முகம் வெளுத்து ஓவர் ஆகும். அங்கே கழித்தல் 1. வானத்தை முதுகில் வைத்து நிற்பவருக்குக் கூட்டல் ஒன்றரை, இரண்டு வரை போகலாம். வானம் வெளுத்தால் வெளுக்கட்டும், உங்களுக்கு வேண்டியது முகம். வேட்டி சட்டையில் பத்துப் பேர் வரிசையாக நிற்கும் கல்யாணக் குரூப் படம் அண்டர் ஆவதும் இதே கணக்குதான். புதிய கேமராக்கள் முகத்தைக் கண்டுபிடித்துப் பச்சைக் கட்டம் போட்டுக் காட்டும். அங்கே ஒரு முகம் இருக்கிறது என்பது மட்டும் அதற்குத் தெரியும். அந்த முகம் என்ன நிறம் என்பது தெரியாது.

நிறத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். பிலிம் காலத்தில் கலர் லேப்களில் பிரிண்ட் நிறத்தைச் சரிபார்க்கக் கோடக் ஓர் அட்டை கொடுத்தது. அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம் இருக்கும். முதலில் அதில் இருந்தவரின் பெயரால் அதை ஷெர்லி அட்டை என்றார்கள். அந்தப் பெண்ணின் சருமம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி என்று அர்த்தம். உலகத்தில் பாதிக்கு மேற்பட்டோரின் நிறம் அந்த அட்டையில் இல்லாமலே பல பத்தாண்டுகள் போயின. பல நிறத்து மனிதர்கள் இருக்கும் அட்டை வந்தது 1990களில்தான். இன்றைய சென்சார் கறுப்பு நிறத்தை மிக அழகாகப் பதியும். ஆனால் "கொஞ்சம் கலராக்கிக் கொடுங்க" என்று கேட்பவர்களும், கேட்காமலே வெளுக்கிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். உங்கள் அம்மாவின் நிறம் எதுவோ அதுதான் சரியான நிறம்.

கறுத்த சருமத்தின் அழகு அதன் பளபளப்பில் இருக்கிறது. பெரிய வெளிச்சம் ஒன்று பக்கவாட்டில் இருந்து வந்தால் கன்ன எலும்பிலும் நெற்றியிலும் மெல்ல ஒளி ஓடும். முகத்தின் வடிவம் எழும். நேருக்கு நேர் பிளாஷ் அடித்தால் எண்ணெய்த் திட்டு மட்டும்தான் வரும். அண்டரில் எடுத்துவிட்டுப் பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றினால் நிழல் பகுதி புள்ளி புள்ளியாகச் சேறாகிவிடும். எடுக்கும்போதே முகத்துக்குப் போதுமான வெளிச்சம் கொடுங்கள். சருமத்தை வழவழப்பாக்கும் பியூட்டி வசதி உங்கள் கேமராவில் இருந்தால் இன்றே அணைத்துவிடுங்கள். தாத்தாவின் சுருக்கங்கள் அவர் சம்பாதித்தவை.

4. முழு ஆட்டோவிலிருந்து ஒரு படி மட்டும் வெளியே வாருங்கள்.

பச்சை நிற ஆட்டோவில் பெரும்பாலான கேமராக்களில் மேலே சொன்ன கூட்டல் கழித்தல் வேலை செய்யாது. டயலை, நிக்கான், சோனி என்றால் ஏ, கேனான் என்றால் ஏவி என்ற இடத்துக்குத் திருப்புங்கள். லென்ஸின் திறப்பான அப்பர்ச்சரை, அதாவது எஃப் எண்ணை, நீங்கள் வைப்பீர்கள், மற்றதைக் கேமரா பார்த்துக்கொள்ளும். ஆட்டோ ஐஎஸ்ஓவைப் போட்டு, உச்சவரம்பு 6400 என்றும் ஷட்டர் 1/125க்குக் கீழே போகக்கூடாது என்றும் மெனுவில் கட்டிவிடுங்கள். முழு மேனுவல்தான் கெட்டிக்காரத்தனம் என்று யாராவது சொன்னால் கவலைப்படாதீர்கள். முகத்தைப் பார்க்க வேண்டிய நேரத்தில் எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தால் படம் போய்விடும்.

5. ஆடிய படத்தில் இரண்டு வகை உண்டு. எது என்று பிரித்துப் பாருங்கள்.

படத்தில் எல்லாமே ஒரே திசையில் இழுத்திருந்தால் ஆடியது உங்கள் கை. சுவர் கூர்மையாக இருந்து குழந்தை மட்டும் கலங்கியிருந்தால் ஆடியது குழந்தை. மருந்து வேறு வேறு.

கைக்கு: இடது உள்ளங்கை லென்ஸைக் கீழிருந்து தாங்கட்டும், இரண்டு முழங்கையும் விலாவில் ஒட்டட்டும், மூச்சை விட்டபின் அழுத்துங்கள். ஷட்டர் வேகம் லென்ஸின் எண்ணுக்குக் குறையாமல் இருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. 50 எம்எம் என்றால் 1/50. நீங்கள் வாங்கும் ஆரம்பநிலைக் கேமராவின் சென்சார் பிலிமைவிடச் சிறியது, ஆகவே ஒன்றரை மடங்காக்கி 1/80 என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸில் நடுக்கம் தாங்கும் வசதி இருந்தால் இதற்குக் கீழும் போகலாம்.

குழந்தைக்கு அந்த வசதி உதவாது. ஓடுகிற பிள்ளைக்கு 1/500 வேண்டும், வாடிவாசலில் இருந்து பாயும் காளைக்கு 1/1000. மண்டபத்துக்குள் அந்த வேகத்துக்கு வெளிச்சம் போதாது, ஐஎஸ்ஓவை ஏற்றத்தான் வேண்டும். ஐஎஸ்ஓ புது வெளிச்சம் எதையும் கொண்டுவருவதில்லை. தூரத்து ஸ்டேஷனைக் கேட்க ரேடியோவில் சத்தத்தைக் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து கூடுமல்லவா, அந்த மாதிரி வந்த கொஞ்ச வெளிச்சத்தைப் பெருக்குகிறது. படத்தில் இரைச்சல் புள்ளிகளும் சேர்ந்து பெருகும். இருந்தாலும் 3200க்குப் பயப்படாதீர்கள். புள்ளி விழுந்த படத்தைப் பேரன் வரை வைத்துப் பார்ப்பார்கள். கலங்கிய முகத்தை யாராலும் திருத்த முடியாது.

6. எல்இடி விளக்கின் கீழே கோடு விழுந்தால் கேமராவைக் குறை சொல்லாதீர்கள்.

நம் மின்சாரம் விநாடிக்கு 50 சுற்று. மலிவான எல்இடி விளக்கும் பழைய டியூப் லைட்டும் விநாடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது, ஷட்டருக்குத் தெரியும். 1/500இல் எடுத்தால் ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரும், அல்லது படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை ஓடும். மெனுவில் கட்டிய 1/125 வரம்பை இறக்கி, ஷட்டரை 1/100 அல்லது 1/50க்குக் கொண்டுவாருங்கள், முழுத் துடிப்பும் உள்ளே வந்துவிடும். துடிப்பைத் தவிர்க்கும் வசதி மெனுவில் இருந்தால் போட்டுவிடுங்கள்.

கல்யாண மேடையில் மஞ்சள் போகஸ் லைட், வெள்ளை வீடியோ லைட், பின்னால் ஊதா அலங்கார விளக்கு என்று மூன்று நிறம் ஒரே முகத்தில் விழும். அதை எந்த ஒயிட் பேலன்ஸும் முழுதாகத் தீர்க்காது. வீடியோ லைட் பிடிப்பவரிடம் பணிவாகச் சொல்லி முகத்தில் ஒரே விளக்கு ஓங்கி விழும்படி செய்யுங்கள். வீட்டில் ஜன்னலோரம் எடுக்கும்போது உள்ளே எரியும் டியூப் லைட்டை அணைத்துவிடுங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை.

7. கேமரா தலையில் எழும் சின்ன பிளாஷ் மூன்று, நான்கு மீட்டருக்குத்தான் எட்டும்.

தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் கால்வாசியாகும். இரவில் தெருக்கோடியில் வரும் தேருக்கு பிளாஷ் அடித்தால் முன்னால் நிற்பவரின் தலைதான் வெளுக்கும். அணைத்துவிடுங்கள். அது உதவுகிற இடம் உச்சி வெயில். அப்போது பக்கத்தில் நிற்பவரின் கண் நிழலை லேசாக நிரப்பும். கோயிலுக்குள் கேமராவே கூடாது என்று பலகை இருந்தால் பைக்குள் வைத்துவிடுங்கள். அங்கே பேச்சு வேண்டாம்.

8. அடுத்த லென்ஸ் வாங்கும் ஆசையை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள்.

கூடவே வந்த 18-55 நல்ல லென்ஸ். அதை 35க்குத் திருப்பி, அங்கேயே ஒரு டேப் ஒட்டிவிட்டு ஒரு மாதம் எடுங்கள். பிரெஞ்சுக்காரர் ஹென்றி கார்ட்டியே பிரெஸ்ஸான் தன் வாழ்நாளின் பெரும்பகுதி வேலையை 50 எம்எம் லென்ஸ் ஒன்றில்தான் செய்தார். 1948இல் காந்தியைச் சந்தித்து எடுத்தவர் அவர். சந்தித்துத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் காந்தி சுடப்பட்டார், இறுதி ஊர்வலத்தையும் அவரே எடுத்தார். அவருடைய பிலிம் கேமராவில் 50 காட்டிய பரப்பைத்தான் உங்கள் கேமராவில் ஏறக்குறைய 35 காட்டும். ஒரே அளவில் பழகினால், கேமராவைக் கண்ணில் வைக்கும் முன்பே எது உள்ளே வரும், எது வெட்டுப்படும் என்று கால்களுக்குத் தெரிந்துவிடும்.

18இல் வைத்து முகத்துக்கு மிக அருகில் போகாதீர்கள். மூக்கு பெருத்து, காது பின்னால் ஓடும். லென்ஸை விட நீங்கள் நிற்கும் தூரம்தான் இதற்குக் காரணம். இரண்டு மீட்டர் தள்ளி நின்று 50க்குத் திருப்பினால் முகம் முகமாக இருக்கும். பிறகு காசு சேர்ந்தால் 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸை வாங்குங்கள், விலை குறைந்த நல்ல லென்ஸ் அதுதான். ஆனால் 1.8இலேயே எல்லாவற்றையும் எடுக்காதீர்கள். ஒரு கண் கூர்மையாகவும் மறு கண் கலங்கியும் வரும். குடும்பப் படத்தில் இரண்டு வரிசை நின்றால் எஃப் 8 வையுங்கள். பின்வரிசைச் சித்தப்பாவும் தெரிய வேண்டும்.

9. அழுத்துமுன் வியூஃபைண்டரின் நான்கு ஓரத்தையும் ஒரு சுற்றுப் பாருங்கள்.

தலைக்கு மேல் முளைத்த தென்னை, கழுத்தைக் கடக்கும் மின்கம்பி, ஓரத்தில் பாதி ஃபிளெக்ஸ் பேனர். பெரும்பாலும் இரண்டடி இடம் மாறினால் தீர்ந்துவிடும். குழந்தையை எடுக்கும்போது தரையில் உட்காருங்கள்.

10. மெகாபிக்சல் போதுமா என்று கேட்காதீர்கள்.

4க்கு 6 பிரிண்டுக்குத் தேவை 20 லட்சத்துக்குச் சற்று மேலான புள்ளிகள்தான். கல்யாண ஆல்பத்தின் 12க்கு 18 பக்கத்துக்கு இரண்டு கோடி போதும். உங்களிடம் அதற்கு மேல் இருக்கிறது. இதைவிடப் பயனுள்ள கேள்வி, கேமரா சுருக்கிக் கொடுக்கும் ஜேபெக்கா, சென்சார் பதிந்ததை அப்படியே வைக்கும் ராவா என்பது. ஜேபெக்கில் ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள், 14 பிட் ராவில் 16,384. முகம் அண்டராகிவிட்டால் ராவில் தூக்கி எடுக்கலாம், ஜேபெக்கில் கொஞ்சம்தான் முடியும். முதல் வருஷம் இரண்டையும் சேர்த்தே பதியுங்கள். ஜேபெக்கைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள், ராவைப் பின்னாளுக்கு வைத்திருங்கள்.

11. குறைவாக எடுங்கள், ஒன்றையே திரும்ப எடுங்கள்.

ஊட்டி ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸில் தயாரான இந்து பிலிமில்தான் என் தலைமுறை படித்தது. 120 ரோலில் 12 சதுரப் படம், அவ்வளவுதான். ஒவ்வொன்றுக்கும் முன் யோசித்தோம். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை என்பதில் எனக்கு மகிழ்ச்சி. தவறினால் அந்த நிமிஷமே தெரிந்துவிடுகிற வசதி எங்களுக்கு இருந்ததில்லை. அதைப் பயன்படுத்துங்கள். வீட்டில் ஒருவரை, ஒரே நாற்காலியில், காலை, நண்பகல், மாலை, இரவு விளக்கு என்று எடுத்து நான்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை இதைச் செய்தால் பல மாதம் ஊர் சுற்றி எடுத்தவருக்குத் தெரியாதது தெரியும். வெயிலில் நின்றுகொண்டு திரையைப் பார்த்து "இருட்டா இருக்கு" என்று முடிவு செய்யாதீர்கள். வெளிச்சப் பரவலை வரைந்து காட்டும் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். வலது சுவரில் மோதி ஏறியிருந்தால் ஓவர், இடது சுவரில் குவிந்திருந்தால் அண்டர்.

12. ஆளைக் கேட்டு எடுங்கள்.

நாற்று நடும் பெண்களும், மீன் விற்கிற அம்மாவும், தெருவோரம் தூங்குகிற பெரியவரும் உங்கள் பயிற்சிக்காக அங்கே இல்லை. கேமராவை இறக்கிவிட்டு இரண்டு வார்த்தை பேசுங்கள், பிறகு கேளுங்கள். வேண்டாம் என்றால் வணக்கம் சொல்லி நகருங்கள். சரி என்றால் எடுத்துக் காட்டுங்கள், அடுத்த முறை பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள். தூங்குகிறவரையும் துக்கத்தில் இருப்பவரையும் விட்டுவிடுங்கள்.

இந்தியாவின் முதல் பெண் செய்திப் படக்கலைஞரான ஹோமாய் வியாரவல்லா, நாடு விடுதலை பெற்ற காலத்துத் தலைவர்களையெல்லாம் எடுத்தவர். 1970இல் அவர் கேமராவை நிரந்தரமாக வைத்துவிட்டார். புதிதாக வந்த படக்காரர்களின் நடத்தை பொறுக்காமல்தான் விட்டதாக அவரே சொன்னார். அதற்குப் பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தவர், தொழிலுக்குத் திரும்பவில்லை. கல்யாண மண்டபத்தில் தாலி கட்டும் நேரத்தில் பெற்றவர்கள் பார்க்க முடியாதபடி மேடையை மறைத்து நிற்கும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

13. லென்ஸுக்கு எதிரி நம் ஊர் ஈரம்.

பீரோவுக்குள் தோல் பையில் பூட்டி வைத்த கேமராவில் ஒரு மழைக்காலம் போனால் கண்ணாடிக்குள் பூஞ்சை படரும். சிலந்தி வலை மாதிரிக் கிளைத்திருந்தால் அதுதான். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். நூற்றுக்கு 40, 50க்குள் ஈரப்பதம் இருந்தால் போதும். டப்பாவுக்குள் வைக்கும் சின்ன மீட்டர் கடையில் கிடைக்கும். வாரம் ஒருமுறையாவது வெளியே எடுத்துப் பயன்படுத்துங்கள். ஏசி மண்டபத்திலிருந்து வெளியே வந்தவுடன் லென்ஸில் பனி படியும். வரும் முன்பே பையை மூடி, அரைமணி மூடியே வையுங்கள். கடற்கரையில் லென்ஸை மாற்றாதீர்கள். கண்ணாடியை வேட்டி நுனியால் துடைக்காதீர்கள், முதலில் ஊது பம்பால் மணலை ஊதிவிட்டு, பிறகு அதற்கான துணியால் துடையுங்கள்.

14. பிரிண்ட் போடுங்கள்.

லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1858இல் மதுரைக்கும் தஞ்சைக்கும் வந்து பெரிய கோயிலையும் நாயக்கர் மகாலையும் படமெடுத்தார். காகிதத்தில் இருந்ததால் அவை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இன்றும் இருக்கின்றன. உங்கள் வீட்டுப் படங்கள் ஒரு மெமரி கார்டில் மட்டும் இருக்கின்றன. கார்டு எந்த நாளும் போகலாம். அன்றன்றே இரண்டு இடத்தில் காப்பி எடுத்து வையுங்கள். இரண்டும் சரியாக ஏறியதைப் பார்த்த பிறகே கார்டை அழியுங்கள், அதையும் கேமராவுக்குள் வைத்தே ஃபார்மட் செய்யுங்கள். கேமராவின் தேதியும் நேரமும் சரியாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பத்து வருஷம் கழித்து, தங்கச்சிக்குக் காது குத்தியது எந்த வருஷம் என்று அந்தத் தேதிதான் சொல்லும்.

வருஷத்துக்கு ஒருமுறை, பொங்கல் விடுமுறையில், நல்ல படமாக ஐம்பது பொறுக்கி லேபில் கொடுத்து 4க்கு 6 போடுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் யார், எந்த ஊர், என்ன விசேஷம் என்று பென்சிலால் எழுதுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் பதிந்துவிடும், மை அடுத்த படத்தில் ஒட்டும். பெயர் தெரியாத உறவினர் யாராவது படத்தில் இருந்தால் பாட்டி இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.